ஒரு பதக்கம், இரண்டு சபாபதிகள்

அத்தியாயம் ஆறு

கடலூர் சபாபதி எறிந்த மீன்கூடை அறிவழகனின் காதை உரசிக்கொண்டு போய்த் தென்னை மரத்தில் மோதி விழுந்தது. காலிக் கூடைதான். ஆனாலும் ஈரக்கூடை. நாலு செதில் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"குறி தப்பிடுச்சு ஹவில்தார் சார்," என்றார் அறிவழகன். "பட்டாளத்துல என்னத்தத்தான் கத்துக் குடுத்தாங்க?"

"அடுத்தது தப்பாது. ரெண்டு பேரும் கெளம்புங்க!"

பவானி அசையவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடைக்கு மேலே ஒரு மாடியறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். வயது நாற்பது இருக்கும். கோபம் வந்தால் குரல் இறங்கும், ஏறாது. அறிவழகன் அவளுக்கு உதவியாளர். டவுன் பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திட்டு வாங்குவதில் அவருக்கு இருந்த சர்வீஸ் கடலூர் டிப்போவிலேயே வேறு யாருக்கும் கிடையாது.

"ஒரே கேள்விதான்," என்றாள் பவானி. "மலையிலேருந்து யாரைத் தூக்கிட்டு வந்தீங்க? அந்த ஆளோட பேரைச் சொல்லுங்க, போயிடறேன்."

"பேரு மறந்துபோச்சு."

"முதுகுல போட்டுச் சுமந்த ஆளோட பேரா?"

"ஆமா, மறந்துபோச்சு! ஒன்ன நான் கூப்பிடல. கூப்பிட்டவகிட்ட போய்க் கேளு!"

கூப்பிட்டவள் வாசற்படியில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சௌந்தரம், அவருடைய மனைவி. புருஷனைக் கேட்காமல் பவானியைத் தேடி வந்தவள் அவள்தான்.

விவகாரம் இதுதான். இருபது வருஷத்துக்கும் முன்னால் வடக்கே ஒரு பனிமலையில் சண்டை. நடக்க முடியாமல் கிடந்த ஒரு தோழனைக் கடலூர் சபாபதி முதுகில் சுமந்துகொண்டு கீழே இறங்கினார். உன் பெயரை வீரத்துக்கான சேனா மெடலுக்கு எழுதியிருக்கிறேன் என்று மேஜர் தோளில் தட்டினார். மறுநாளே வேறு மலைக்கு மாற்றல். மெடல் வரத்தான் செய்தது. ஆனால் வந்து சேர்ந்தது வேறொரு சபாபதிக்கு. பட்டாளத்தில் அதே கம்பெனி, இதே மாவட்டம், சிதம்பரத்துக்காரர். நடராஜர் புண்ணியத்தில் இந்தப் பக்கம் தெருவுக்கு இரண்டு சபாபதி உண்டு, பாவம், பட்டாளத்துக்கு அது தெரியாது. கடலூர் சபாபதி மனு மேல் மனு போட்டார். சபாபதிக்கு மெடல் கொடுத்தாகிவிட்டது என்றே பதில் வந்துகொண்டிருந்தது.

போன குடியரசு தினத்தன்று அவர் ஒரு முட்டாள்தனம் பண்ணினார். அதே மாதிரி ஒரு மெடலைக் கடையில் வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போனார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, அத்தனை பேர் பார்க்க அதைப் பிடுங்கி எறிந்தார். சட்டைப் பையும் சேர்ந்து கிழிந்தது. தலைவர் வேறு யாருமில்லை, சிதம்பரம் சபாபதியேதான். ஆத்திரம் அதிலும் அடங்காமல் போலீசில் புகாரும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கடற்கரையில் இவருக்குப் பெயர் 'டூப்பு மிலிட்டரி'. வலை இழுக்க இவரோடு சேர ஆள் வருவதில்லை.

அன்று மலையில் கூட இருந்த ஒருவர், நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பதிவைத் திருத்தப் பார்க்கிறோம் என்று ராணுவப் பதிவு அலுவலகம் சொல்லியிருந்தது. அந்தக் கையெழுத்தைக் கொண்டு வந்தால் வழக்குப் போடாமல் நிறுத்தி வைக்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். கெடு திங்கட்கிழமை காலை. இன்று சனிக்கிழமை. மேஜர் செத்துப்போனார். கூட இருந்த மற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இரண்டே பேர். ஒருவர் சிதம்பரம் சபாபதி. இன்னொருவர், இவர் முதுகில் வந்த அந்தப் பெயர் தெரியாத ஆள்.

இரண்டாவது கூடை வருவதற்குள் அறிவழகன் பவானியை வேலிக்கு வெளியே இழுத்து வந்துவிட்டார்.

சிதம்பரம் பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போது அவர் மெல்ல ஆரம்பித்தார். "மேடம், மறந்துபோச்சுன்னாரே, அது பொய்."

"எப்படிச் சொல்றீங்கண்ணே?"

"டிக்கெட் எடுக்காதவன் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டான், ஜன்னலப் பாப்பான். இவரு கடலப் பாத்தாரு."

"எனக்கும் தெரியுது. தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு ஒருத்தர் ஏன் வாயை மூடணும்? அதுதான் புரியல."

சிதம்பரம் சபாபதியின் வீட்டு கேட்டில் அவருடைய மகன் விஜயகுமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்த வீட்டுக்கு நாய் தேவையில்லை என்று அறிவழகனுக்குத் தோன்றியது.

"யாரு?"

"விட்ரா, வரட்டும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்து பாத்துட்டுப் போகட்டும்."

ஹாலில் சாமி படத்தைவிடப் பெரிதாக ஒரு மரச்சட்டம். அதில் தங்க எழுத்து: தோளில் குண்டு பாய்ந்த நிலையிலும், காயமுற்ற தோழரை முதுகில் சுமந்து மலையிறங்கிய வீரர். அதன் கீழே கண்ணாடிப் பெட்டியில் மெடல். பெட்டிக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர், முறுக்கிய மீசை, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை.

"அந்தக் கடலூரான் அனுப்பினானா?"

"அவரு கூடையத்தான் சார் அனுப்பினாரு," என்றார் அறிவழகன். "நாங்களா வந்தோம்."

பவானி நேராக விஷயத்துக்கு வந்தாள். "சாட்சிக் கையெழுத்து வேணும். அன்னிக்கு அவரும் உங்ககூட மலையில இருந்தாருன்னு."

"எங்க கம்பெனியிலயே அப்படி ஒருத்தன் கெடையாது."

"சரி. அந்தச் சண்டையில உங்க ஆளுங்க எத்தன பேருக்குக் காயம்?"

"எனக்கு ஒருத்தனுக்குத்தான்!" தலைவர் நெஞ்சில் தட்டிக்கொண்டார். "நல்லா எழுதிக்க. எனக்கு ஒருத்தனுக்கு மட்டுந்தான்."

"அப்ப நீங்க சுமந்துட்டு வந்த 'காயமுற்ற தோழர்' யாரு?"

தலைவர் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் தினமும் பார்த்த எழுத்துதான். இப்போதுதான் அது அவரைப் பார்த்தது போலிருந்தது.

"தன்னத்தானே தூக்கிட்டு வந்திருப்பாரு மேடம்," என்றார் அறிவழகன். "நான் கண்டக்டரா இருந்தப்பகூட எனக்கு நானே டிக்கெட் குடுத்ததில்ல."

விஜயகுமாரின் கை அவர் கழுத்தில் விழுந்தது. அடுத்த நிமிஷம் இருவரும் தெருவில் நின்றார்கள். பின்னாலேயே தலைவரின் கர்ஜனையும் வந்தது. "அந்த நாப்பத்தேழுகிட்ட போய்ச் சொல்லு! திங்கக்கெழம கம்பி எண்ணப் போறான்னு சொல்லு!"

கேட் படீரென்று மூடிக்கொண்டது.

அறிவழகன் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார். எத்தனையோ குடிகாரர்களை இப்படி இவர் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார். இறங்குகிற பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை. அவமானமாகத்தான் இருந்தது. "அது என்னா மேடம் நாப்பத்தேழு?"

"பட்டாளத்துல ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா, அவங்க நம்பர்ல கடைசி ரெண்டு இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. கடலூரார் நம்பர் நாப்பத்தேழுல முடியுது. கம்பெனியிலயே இல்லாத ஆளுக்கு அந்த நம்பர் எப்படிண்ணே வாயில வரும்?"

"புகார் எழுதறப்ப பாத்திருப்பாரு."

"பாத்து எழுதின நம்பர் கோபத்துல வராது. கூப்பிட்டுப் பழகின நம்பர்தான் வரும்." பவானி நடந்துகொண்டே பேசினாள். "நடந்தது இதுதான். ரெண்டு சபாபதியும் மலையில இருந்தாங்க. ஒருத்தர் சுமந்தாரு, ஒருத்தருக்குக் காயம். சபாபதி தூக்கிட்டு வந்தான், சபாபதிக்குக் குண்டுன்னு கீழ சேதி போயிருக்கும். டைப் அடிச்சவர் ஒரே ஆளுன்னு நெனச்சு ரெண்டையும் ஒருத்தர் தலையில கட்டிட்டாரு."

அறிவழகன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அப்ப நம்மாளு சுமந்தது இந்த மீசையையா?"

"இந்த மீசையைத்தான்."

"அட, அத நம்மாளு மொத மனுவுலயே எழுதியிருக்கலாமே! ஒரு வரி வேல!"

"எழுதல. இன்னிக்கு நாம கேட்டும் சொல்லல. ஏன்?"

கீழ கோபுர வாசலில் பூக்கடை போட்டிருந்த தில்லையம்மாள் அந்த ஏனுக்குப் பாதி பதில் வைத்திருந்தாள். அது பதில் என்று அவளுக்கே தெரியாது. அறிவழகன் ஒரு முழம் மல்லி வாங்குகிற சாக்கில் தலைவரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார்.

"மிலிட்டரிக்காரரா? தெனம் சாயங்காலம் வருவாரு. மால எங்கிட்டத்தான் எடுப்பாரு. ஆனா ஒரு நாளும் பொன்னம்பலத்து மேல ஏறிக் கும்பிட்டதில்ல. தீட்சிதர் கையில மாலயக் குடுத்துட்டு, கீழயே நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுவாரு."

"ஏன், வயசா?"

"வயசு என்னா வயசு? மேல ஏறணும்னா ஆம்பளைங்க சட்டையக் கழட்டணுமில்ல. அவரு கழட்ட மாட்டாரு. கூச்ச சுபாவம்."

ஹாலில் ஆள் உயரச் சட்டம் மாட்டியிருக்கிறவருக்குக் கூச்ச சுபாவம்! அறிவழகன் சிரித்தார். பவானி சிரிக்கவில்லை. போனை எடுத்துச் சௌந்தரத்தைக் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சாயங்காலம் கோயில்ல வச்சு அந்தச் சிதம்பரத்தாரைச் சட்டையைக் கழட்டச் சொல்லப் போறேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தையும் வேணாம்."

சாயங்காலப் பூஜைக்கு இன்னும் நேரமிருந்தது. சட்டையோடு மேலே ஏற ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்த்து வர பவானி அறிவழகனை அனுப்பினாள். அப்படி ஒரு வழியும் இல்லை. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, தொந்தியை உள்ளே இழுத்தபடி கும்பிட்டுவிட்டு, அதே கோலத்தில் சிவகங்கைக் குளக்கரைக்கு வந்தார். தலைவரும் மகனும் அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாலை மடியில் இருந்தது. பவானி எதிரே போய் நின்றாள்.

"மறுபடியுமா?" விஜயகுமார் எழுந்தான்.

பவானி அவனைப் பார்க்கவே இல்லை. "தலைவரே, ஒரு உதவி. இன்னிக்காவது சட்டையைக் கழட்டிட்டு மேல ஏறுங்களேன்."

தலைவரின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது. கழற்ற அல்ல, பிடித்துக்கொள்ள.

"குண்டு வாங்கின தோளு," என்றாள் பவானி. "ஊருக்கே காட்டலாம். மீசைய முறுக்கத் தெரிஞ்ச ஆளு அதக் காட்டாம இருப்பாரா? காட்ட முடியாத எடத்துல பட்டிருக்கு. உங்களுக்குக் குண்டு முன்னால படல. முதுகுல பட்டிருக்கு."

"அப்பா?" என்றான் விஜயகுமார்.

தலைவரின் முகத்தில் ரத்தமே இல்லை. "வாய மூடு," என்றார் பவானியிடம். அதில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"முதுகுல குண்டு வாங்கினவரு வீட்டு ஹால்ல வீரர்னு எழுதி வச்சிருக்காரு. உயிரைக் குடுத்துச் சுமந்தவரு நெஞ்சுலேருந்து அதே மெடலைப் பிடுங்கிப் போலீசுக்கும் போறாரு. ஓடறவங்களுக்குத்தானே முதுகுல படும்?"

அறிவழகனுக்கு இது பிடிக்கவில்லை. எதிரியாகவே இருக்கட்டும், பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை இப்படி உரிப்பது ரொம்ப ஜாஸ்தி. "மேடம், போதும்," என்று அவர் வாயெடுத்த நேரத்தில் கோபுரப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏய்! நிறுத்து! யாருடி ஒனக்கு இந்த அதிகாரம் குடுத்தது?"

கடலூர் சபாபதி கல்தரையில் ஓடி வந்துகொண்டிருந்தார். கைலி, காலையில் போட்டிருந்த அதே சட்டை, கடலூரிலிருந்து மொபெட்டை விரட்டிக்கொண்டு வந்த தூசி முகமெல்லாம். பின்னால் சௌந்தரம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் நேராகப் பவானிக்கும் தலைவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இவன் ஓடல," என்றார். மூச்சு வாங்கியது. "எவ சொன்னது ஓடினான்னு? பாறையிலேருந்து வழுக்கிக் காலு ஒடஞ்சு கெடந்தான். நான்தான் எடுத்து முதுகுல போட்டுக்கிட்டேன். எறங்கறப்ப பின்னாலேருந்து சுட்டானுங்க. எனக்கு வந்த குண்டு அது. நடுவுல இவன் முதுகு இருந்துச்சு. இவன் இல்லன்னா நான் இன்னிக்கு இங்க நின்னு ஒன்னத் திட்டிக்கிட்டிருக்க மாட்டேன்."

பவானியின் உதட்டில் லேசான சிரிப்பு வந்தது. அறிவழகனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவள் தலைவரின் சட்டையைக் கழற்றப் பார்க்கவே இல்லை. கடலூராரின் வாயைத்தான் திறந்திருக்கிறாள். இந்தப் பெண்ணோடு சீட்டு ஆடவே கூடாது.

"இத ஏன் எந்த மனுவுலயும் எழுதல?" என்று கேட்டாள் பவானி.

"எழுதினா எங்க குண்டு பட்டுச்சுன்னும் எழுதணும். நம்ம ஊருல முதுகுல காயம்னா என்னா பேரு வைப்பானுங்கன்னு ஒனக்குத் தெரியாதா? கொஞ்சம் முன்ன நீயே வச்சியே! என் மெடலுக்காக அவன அசிங்கப்படுத்தச் சொல்றியா?" அவர் தலைவரின் பக்கம் திரும்பினார். குரலில் அன்பு என்று ஒரு சொட்டும் இல்லை. "ஆனா ஒன்ன நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைக்காத. அத்தன பேரு முன்னாடி என் சட்டையக் கிழிச்ச."

தலைவர் மகனைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துப் பேசினார். "ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதுக்குள்ள மெடல் சேதி ஊருக்கு வந்துடுச்சு. எங்கப்பா கோயில் வாசல்ல நின்னு போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும், எம்புள்ள மாருல குண்டு வாங்கினான்னு சொல்லிட்டாரு. இல்லன்னு சொன்னா எங்க வாங்கினன்னு கேப்பாங்க. இவன் முதுகுல தொங்கிக்கிட்டு வந்தேன், அதான் பட்டுச்சுன்னா எவன் நம்புவான்? இவன் ஒவ்வொரு மனுப் போடறப்பவும் இந்தத் தடவ உண்மைய எழுதிடுவான்னு பயந்தேன். அன்னிக்கு மெடலக் குத்திக்கிட்டு எதுர வந்து நின்னதும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"அவர் மெடலுக்கு நீங்க சாட்சி," என்றாள் பவானி. "உங்க முதுகுக்கு அவர் சாட்சி. உலகத்துல வேற ஆளு கிடையாது. திங்கக்கிழமை வரைக்கும்தான் டைம்."

பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். வைத்து எழுத ஒன்றும் இல்லை. அறிவழகன் திரும்பிக் குனிந்தார். "எம் முதுகுல வச்சு எழுதுங்க சார். இன்னிக்கு முதுகுக்குத்தான் மவுசு."

யாரும் சிரிக்கவில்லை. பேனா அவருடைய வெற்று முதுகில் ஊர்ந்தது. முதல் வரி வேகமாக ஓடியது. இரண்டாவது வரியின் நடுவில் நின்றுவிட்டது.

"குண்டு எங்க பட்டுச்சுன்னு எழுதணுமா?"

"எழுத வேணாம்," என்றார் கடலூர் சபாபதி.

"எழுதினாத்தான் நிக்கும்," என்றாள் பவானி.

பேனா அசையவில்லை. பிறகு அது எழுதியது, தோலில் பதிகிற அளவுக்கு அழுத்தி. கையெழுத்தும் விழுந்தது. விஜயகுமார் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தான். மடித்துப் பவானியிடம் கொடுத்தான்.

"நாப்பத்தேழு," என்றார் தலைவர். "அந்த மெடலு கண்ணாடிப் பெட்டியிலதான் இருக்கு. வந்து எடுத்துக்க மச்சான்."

"மச்சான் கிச்சான்னு கூப்பிடாத. என் பதிவுல ஏறட்டும். கவர்ன்மெண்டே கூப்பிட்டுக் குடுக்கட்டும். ஒங்கையால எனக்கு வேணாம்."

உள்ளே பூஜை மணி அடித்தது. தலைவர் மாலையை மகன் கையில் கொடுத்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றினார். வெள்ளைச் சட்டை தோளிலிருந்து இறங்கியது. இடது தோள்பட்டைக்குப் பின்னால், தசை சுருங்கிக் குழிந்த ஒரு தழும்பு. விஜயகுமார் அதைப் பார்த்தான். அப்பாவின் முதுகை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தலைவர் பொன்னம்பலத்தைப் பார்த்து நடந்தார். பிரகாரத்தில் ஏகப்பட்ட கூட்டம். எல்லாம் அவரைத் தெரிந்த ஜனம்.

கடலூர் சபாபதி வாய்க்குள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். பைப் பக்கம் தையல் போட்ட தன் சட்டையைக் கழற்றிச் சௌந்தரத்தின் மேல் எறிந்துவிட்டு, விடுவிடுவென்று நடந்துபோய் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். படியேறும்போது பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குக் கடலூர் சபாபதியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.